பேரம் பேசாதவர்

கொட்டகலை பஜாரில் விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடந்து வரும், சாமான் வாங்கும், போய்விடும். மற்ற நாள்களில் அது கொழும்பில் இருந்திருக்க வேண்டும். நாங்கள் பார்த்ததில்லை.

நான் சொல்வது ஒரு தேயிலைத் தோட்டத்து அக்காவை. கொழுந்து பறிக்கிறவர். புருஷன் செத்துப் பல வருஷம், ஒரே மகள், அவளுக்கும் அதே லயத்து வரிசை வீடுகளிலேயே கல்யாணம். நெட்டையான உருவம், வெற்றிலைக் கறை ஏறிய பல், எதையும் அவசரமில்லாமல் பார்க்கிற கண். பெயர் எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. பஜாரில் யாரும் அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டதும் இல்லை. எதிரே ‘வாங்கம்மா’ என்பார்கள். அவர் முதுகு திரும்பியதும் ‘சி.ஐ.டி. போகுது’ என்பார்கள்.

எனக்கு அப்போது ஒரு மளிகைக் கடையின் வாசலில், மழைத் தகரத்துக்குக் கீழே, ஒரு தையல் மிஷினும் ஒரு வெட்டுப் பலகையும் இருந்தன. கடை முதலாளிக்கு வாடகை கொடுத்து உட்கார்ந்திருந்தேன். தையல்காரனுக்குச் சந்தேகம் தொழிலோடு சேர்ந்து வருவது. துணியைக் கொண்டுவருகிறவர்கள் நான் அதில் கால் கெஜம் ஒதுக்கிவிடுவேன் என்று என்னைச் சந்தேகப்படுவார்கள். நானும் அவர்களைப் பதிலுக்குச் சந்தேகப்பட்டே பழகிவிட்டேன். ஆகையால் இந்தக் கதையில் யாரையாவது நான் நம்புகிற மாதிரித் தெரிந்தால் அது என் எழுத்தில் உள்ள பிசகு.

அறுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான்களுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்தது. செத்தல் மிளகாய், பெரிய வெங்காயம், மாசிக் கருவாடு, பால்மா, எல்லாம் எண்ணிச் சுட்ட பணியாரம் போல வந்துகொண்டிருந்தன. வருகிறதையும் இன்ன விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று சட்டம். ஒவ்வொரு கடையிலும் ஒரு கறுப்புப் பலகை, அதில் சாக்கட்டியால் விலை எழுதி வெளியே தொங்கவிட வேண்டும். எழுதியும் விட்டார்கள். பலகையில் ஒரு விலை, வாயில் ஒரு விலை. பலகை விலைக்குக் கேட்டால் சாமான் தீர்ந்துபோயிருக்கும். வாய் விலைக்கு ஒத்துக்கொண்டால் எங்கேயோ ஒரு சாக்குக்கு அடியிலிருந்து அது எழுந்து வரும்.

எங்கள் முதலாளியைக் கேட்டால் அவரிடமும் ஒரு நியாயம் இருந்தது. ஒல்லியான மனிதர், எப்போதும் கழுத்தில் மப்ளர், ஓயாத இருமல்.

“கொழும்புல நாலு கை மாறி எங்கிட்ட வருது. அந்த நாலு பேரும் பலகை வெலைக்கா எனக்குக் குடுக்கிறான்? நான் மட்டும் பலகை வெலைக்கு வித்துட்டு எம்புள்ளைங்களுக்கு மண்ணை அள்ளிப் போடவா?” என்பார்.

அதுவும் சரிதான் என்று தோன்றும். அப்புறம் அவர் வீட்டுச் சுவரில் புதிதாகப் பூசிய நீலச் சாயம் ஞாபகம் வரும்.

சட்டத்தின் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். இன்ஸ்பெக்டர். எப்போதாவது ஜீப்பில் வந்து இறங்குவார். அவர் வருவதற்கு முன்பே அவர் வருகிற செய்தி வந்துவிடும். கடைக்காரர்கள் கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்து, பணிஸைப் பிய்த்துத் தின்று, பலகையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். பணிஸுக்குக் காசு கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஆனால் சட்டத்தில் பயப்பட ஒரு விஷயம் இருந்தது. இன்ஸ்பெக்டர் தானே வாங்க வரமாட்டார். அடையாளம் போட்ட நோட்டை யாரோ ஒருவர் கையில் கொடுத்து அனுப்புவார். அந்த ஆள் சாமான் கேட்பார், சொன்ன விலையைக் கொடுப்பார், போய்விடுவார். அடுத்த நிமிஷம் இன்ஸ்பெக்டர் கல்லாவுக்குள் கையை விடுவார். அப்புறம் ஹட்டன் கோர்ட்டு, தண்டம், சில பேருக்கு மறியல், கம்பிக்குப் பின்னால் சில மாதம். வெளியூர் முகம் என்றால் பஜார் சுலபமாகக் கண்டுபிடித்துவிடும். உள்ளூர் ஆள் ஒருவரை அவர்கள் பிடித்துவைத்திருந்தால் என்ன செய்வது என்பதுதான் ஒவ்வொரு முதலாளிக்கும் இருந்த கவலை.

ஒரு சம்பள ஞாயிறன்று அது நடந்தது. பஜாரின் கோடிக் கடையில் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றபோது இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்து கல்லாவிலிருந்து தன் நோட்டை எடுத்தார். அதை யார் கொடுத்தது என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரியவில்லை. கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அன்றைக்கு வந்த பெண்கள் எல்லாரும் அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஒருத்தர் மட்டும் பேரம் பேசவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பேரம் பேசாதவர் அந்த அக்கா. அவ்வளவுதான் சாட்சியம். பஜாருக்கு அது போதுமாக இருந்தது.

உண்மையில் அவர் ஒருபோதும் பேரம் பேசியதில்லை. கடைக்கு முன்னால் வந்து நிற்பார். விலைப் பலகையை நின்று நிதானமாகப் பார்ப்பார். பிறகு காசை உள்ளங்கையில் விரித்து நீட்டுவார். குறைக்கச் சொல்ல மாட்டார். கூட என்றும் சொல்ல மாட்டார். அந்தச் சம்பவத்துக்கு முன்னால் அவரை எல்லோரும் நன்றாக ஏமாற்றினார்கள். அதற்குப் பிறகு அந்த நீட்டிய கையைப் பார்த்ததும் எங்கள் முதலாளிக்கு இருமல் நின்றுவிடும். சாக்குக்கு அடியிலிருந்து மிளகாய் தானாக வெளியே வரும். பலகை விலைக்கு நிறுத்து, மேலே இரண்டு மிளகாயும் போட்டுக் கட்டிக் கொடுப்பார்.

அந்த அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. இதை நான்தான் கண்டுபிடித்தேன். ஒரு நாள் சாரலில் பலகை முழுக்க அழிந்து வெறும் கறுப்பாகத் தொங்கியது. அவர் வந்தார், வழக்கம் போல மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார், தலையை ஒருமுறை ஆட்டினார், கையை நீட்டினார். முதலாளி பலகையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. எழுதாத விலைக்கு அவர் பயந்துபோய் சாமான் கொடுத்ததைப் பார்த்து நான் ஊசியைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

லயத்துப் பெண்கள் விவரமானவர்கள். இரண்டு வாரத்தில் நெளிவு சுளிவைப் பிடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கா வரும்வரை யாரும் கடைக்குள் ஏறுவதில்லை. ஸ்டேஷன் பக்கம் நின்று ஊர்க்கதை பேசுவார்கள். அவர் முன்னால் போக, பின்னால் பத்துப் பதினைந்து பேர். அவருக்குக் கொடுத்த விலையை அவர் பார்வையில் இருக்கிறபோதே அடுத்தவளுக்கு மாற்றிச் சொல்ல எந்த முதலாளிக்கும் துணிச்சல் இல்லை. கோயிலில் சாமி புறப்பாடு மாதிரி அந்தக் கூட்டம் கடை கடையாக நகரும்.

ஒரு தரம் வெற்றிலைக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

“ஏம்மா, நீங்க கவர்மெண்டு ஆள்னு சொல்றாங்களே, நெசமா?”

“ஏன், நான் இருக்கக் கூடாதா?” என்றார் அக்கா.

கடைக்காரர் அன்றைக்கு வெற்றிலைக்குக் காசே வாங்கவில்லை. அக்கா காசை வைத்துவிட்டுத்தான் வந்தார். இலவசமாக எதையும் அவர் தொட்டதில்லை, அதுவே சந்தேகத்தை இன்னும் கெட்டியாக்கியது. கவர்மெண்டில் சம்பளம் வராமலா இவ்வளவு ரோஷம் என்றார்கள்.

ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தபோது நானே அவரிடம் கேட்டேன், ஏன் பேரம் பேசுவதில்லை என்று.

“எனக்கு வராது தம்பி. நாலு பேர் பாக்க நின்னு கத்துறதுக்கு வெக்கமா இருக்கும். அவரு இருந்தப்ப அவருதான் சாமான் வாங்குவாரு.”

“அப்ப அந்த கோடிக் கடை விஷயம்?”

“அவனுக அப்படி நெனச்சுக்கிட்டா நான் என்ன செய்ய?”

வெட்கப்படுகிறவர் இப்படி என் கண்ணைப் பார்த்துச் சொல்வாரா? நான் நம்பவில்லை. போதாததற்கு, ஒரு நாள் பஸ் நிற்கும் இடத்தில் இன்ஸ்பெக்டர் ஜீப்புக்குப் பக்கத்தில் அவர் நின்று பேசியதை நான் கண்ணால் பார்த்தேன். டிக்கோயா பஸ் போய்விட்டதா என்று கேட்டதாகப் பிறகு சொன்னார். பஸ் போய்விட்டதா என்று இன்ஸ்பெக்டரிடமா கேட்பார்கள்? சுற்றிலும் எத்தனை பேர் நின்றார்கள்! இன்றைக்கும் அந்தக் கேள்வி எனக்குள் இருக்கிறது.

பால்மா விஷயம் வந்தது மழைக்காலத்தில்.

அவர் மகள் லயத்திலேயே பிள்ளை பெற்றாள். ஆண் பிள்ளை. மூன்றாம் நாள் தாய்க்குக் காய்ச்சல் தலைக்கேறி, தோட்டத்து லொறியில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை அக்காவின் மடிக்கு வந்தது. மாட்டுப்பாலைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சிப் பஞ்சில் நனைத்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். உள்ளே போனது எல்லாம் வெளியே வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்து, பிள்ளைகளுக்கென்று வருகிற பால்மா டின் ஒன்று எங்கேயாவது வாங்குங்கள், இல்லையென்றால் இது தாங்காது என்று சொல்லிவிட்டார்.

வார நடுவில் ஒரு நாள் மத்தியானம், அக்கா பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பஜாருக்கு ஓடிவந்தார். கம்பளிகூட இல்லை. முதல் முறையாக அவர் பலகையைப் பார்க்கவில்லை.

“முதலாளி, ஒரு பால்மா டின்னு வேணும்.”

“இல்லையேம்மா.”

“பச்சப் புள்ளைக்கு முதலாளி. எவ்வளவுன்னாலும் குடுக்கிறேன்.”

அந்த வார்த்தையை மட்டும் அவர் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு வருஷமாகப் பலகை விலைக்கு மேல் ஒரு சதம்கூடக் கொடுக்காத மனுஷி, எந்த விலையானாலும் கொடுக்கிறேன் என்கிறார். பொறி வைக்கிறவன் பேசுகிற பேச்சு வேறு எப்படி இருக்கும்? முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. மப்ளரை இறுக்கிக்கொண்டு, “பால்மாவே நாங்க விக்கிறதில்லம்மா” என்றார். என் வெட்டுப் பலகைக்குக் கீழே, சாக்கு மூட்டைக்குள், அவர் ஒளித்துவைத்த டின்கள் இருந்தன. என் கால் பட்டால் சத்தம் வரும்.

அவர் அடுத்த கடைக்குப் போனார். அதற்கடுத்த கடைக்குப் போனார். ஒவ்வொரு இடத்திலும் இன்னும் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். அவர் விலையை ஏற்ற ஏற்ற ஒவ்வொருவரும் இன்னும் பின்வாங்கினார்கள். ஒருவர் கதவையே சாத்திவிட்டார்.

நான் முதலாளியிடம் சொன்னேன். “குடுங்க முதலாளி. புள்ள செத்துறப் போகுது.”

“புள்ளையைப் பார்த்தியா நீ?” என்றார் அவர். “மகளைப் பார்த்தியா? மறியலுக்கு நீ போறியா எனக்குப் பதிலா?”

நான் பிள்ளையைப் பார்த்திருக்கவில்லை. அந்தக் கேள்வியில் ஒரு கணம் நானும் தடுமாறிவிட்டேன். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, அவரை அப்படிப் பயப்பட வைத்த இன்ஸ்பெக்டர் மேலும் கோபம் வந்தது. அக்கா மேலும் கொஞ்சம் வந்தது. வெற்றிலைக் கடைக்காரர் கேட்ட அன்றைக்கே ‘இல்லை’ என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே.

அக்கா திரும்பி எங்கள் வாசலுக்கே வந்தார். நனைந்திருந்தார். அழவில்லை.

“என்ன செஞ்சா குடுப்பீங்க?”

முதலாளி யோசித்தார். பக்கத்துக் கடைக்காரர்களும் மெல்ல வந்து கூடிவிட்டார்கள். எங்கள் முதலாளிதான் அதைச் சொன்னார்.

“மாரியம்மன் முன்னால சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு. கவர்மெண்டு ஆள் இல்லேன்னு.”

பஜார் மேட்டில் சின்ன மாரியம்மன் கோயில். எங்கள் ஆட்களிடம் கோர்ட்டில் எடுக்கிற சத்தியத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை. எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொன்னதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது, பொய்யாக இருந்தால் சத்தியம் பண்ணினவர் குடும்பம் விளங்காது. மடியில் பிள்ளை கிடக்கிற வீட்டில் அந்தச் சத்தியம் யாருக்கும் விளையாட்டு இல்லை. நானும் மிஷினை விட்டு எழுந்து போனேன். எல்லாக் கடைக்காரர்களும் வந்திருந்தார்கள்.

அக்கா கோயில் படியில் சூடத்தை வைத்துக் கொளுத்தச் சொன்னார். எரிய விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் அதிகமாகவே நின்றார் என்று எனக்குப் பட்டது. பிறகு உள்ளங்கையை வைத்து அணைத்தார்.

“நான் கவர்மெண்டு ஆள் இல்ல. என்னைக்கும் இருந்ததில்ல. யார் கடையையும் நான் காட்டிக் குடுக்கல. தாயே, பொய்னா எம் பேரப்புள்ளையோட என் வம்சம் அத்துப் போகட்டும்.”

கையை எடுத்தபோது உள்ளங்கை சிவந்திருந்தது. நான் கடைக்காரர்களின் முகத்தைப் பார்த்தேன். நிம்மதி இருந்தது. அதோடு, இரண்டு வருஷமாக ஏமாந்துபோய் விட்டோமே என்கிற எரிச்சலும் இருந்தது. கோடிக் கடைக்காரர், “வெறும் ஆளா நீ!” என்று வாய்விட்டே சொன்னார்.

என் பலகைக்குக் கீழேயிருந்து டின் வந்தது. முதலாளி ஒரு விலை சொன்னார். அந்த விலையை அதற்கு முன்னால் யார் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. இரண்டு வருஷத்து மிளகாயையும் சேர்த்து அந்த ஒரு டின்னில் அவர் எடுத்துக்கொண்டார். அக்கா மூக்குத்தியைக் கழற்றி அடுத்த கடையில் விற்றுக் கொடுத்தார். டின்னைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஓடினார்.

பிள்ளை பிழைத்துவிட்டது. தாயும் பத்து நாளில் டிக்கோயாவிலிருந்து நடந்தே வந்தாள்.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்கு ஸ்டேஷன் பக்கம் அக்காவுக்காகக் காத்து நிற்கத் தேவை இருக்கவில்லை. அவர் கையை நீட்டியதும் எங்கள் முதலாளி அந்தக் கையைப் பார்த்துச் சிரித்தார். “இன்னும் போடு” என்றார். மிளகாய், வெங்காயம், மாசி, ஒவ்வொன்றும் வாய் விலைக்குப் போனது. பலகை மழையில் அழிந்தது, யாரும் திரும்ப எழுதவில்லை. அரசாங்கத்தின் சட்டம் அப்படியேதான் இருந்தது, ஒரு எழுத்துகூட மாறவில்லை.

பெண்களுக்கு ஆத்திரம். என் மிஷினுக்கு முன்னாலேயே சண்டை வந்துவிட்டது.

“உம் பேரப்புள்ளைக்காக எங்க எல்லார் வயித்துலயும் அடிச்சிட்டியே அக்கா,” என்றாள் ஒருத்தி. “சூடத்தை அணைக்காம இருந்திருக்கக் கூடாதா?”

இதைச் சொன்னவள் இரண்டு பிள்ளை பெற்றவள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. அக்கா கோபப்படவில்லை.

“இனிமே உங்கள்ல யாராச்சும் ஒருத்தி பேரம் பேசாம நில்லுங்களேன். பெரிய வேலை ஒண்ணும் இல்ல. கேட்டா, ஆமான்னும் சொல்லக் கூடாது, இல்லேன்னும் சொல்லக் கூடாது.”

ஒருத்தியும் முன்வரவில்லை. பேர் கெட்டுப்போகும், அவசரத்துக்கு ஒரு கடைக்காரனும் ஏற விடமாட்டான் என்று எல்லாருக்கும் இப்போது தெரிந்திருந்தது. கலைந்து போனார்கள்.

அதற்குப் பிறகு சில மாதம் அக்கா வேறு எல்லாரையும் போல வந்தார், கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மூக்கில் ஈர்க்குக் குச்சி செருகியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். இளவயது, ஒற்றை ஆள், தபால் கந்தோருக்குப் பின்னால் ஒரு அறையில் தங்கியிருந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு தலை நிமிராமல் நடப்பார். எங்கள் பேச்சு அவருக்குப் புதிது, அவர் பேச்சு எங்களுக்குப் புதிது. அதனால் கடையில் அதிகம் பேசமாட்டார், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ரவிக்கையைக் கொண்டுவந்து என் பலகை மேல் வைத்தார். கக்கத்தில் தையல் பிரிந்திருப்பதைக் காட்டினார். பிறகு குனிந்து, தாழ்ந்த குரலில், ஆனால் மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த முதலாளிக்குக் கேட்கிற அளவுக்கு, சொன்னார்.

“தம்பி, அந்த டீச்சரு பேரமே பேச மாட்டேங்கிறாங்களே, கவனிச்சீங்களா? பள்ளிக்கூட வேலை மட்டுந்தானான்னு லயத்துல பேசிக்கிறாங்க.”

உள்ளே இருமல் நின்றது.

“நெசமாவாக்கா? யாரு பேசிக்கிறா?” என்றேன்.

“எனக்கென்ன தெரியும்,” என்றார் அக்கா. ரவிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தார். எங்கள் இருவரையும் பார்க்காத மாதிரி அழிந்த பலகையைத் துணியால் துடைத்தார். சாக்கட்டியை எடுத்து மிளகாய் என்று எழுதினார், அதற்கு நேரே சட்டத்தில் உள்ள விலையை எழுதினார். பக்கத்துக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு என்ன சங்கதி என்று சைகையில் கேட்டார். முதலாளி தபால் கந்தோர்ப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

அவர்கள் உள்ளே போனதும் எனக்கு மனசு கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஊரில் தனியாக இருக்கிற பெண். அந்த அக்கா மேல் எனக்கு இருந்த பிரியம் அந்த நிமிஷம் கசந்துபோனது.

“இது நல்லா இல்லக்கா,” என்றேன். “அந்தப் புள்ளைக்கும் ஒரு நாள் அவசரத்துக்கு ஒரு சாமான் வேணும்னா இந்தப் பஜார்ல யாரு குடுப்பா?”

அக்கா ரவிக்கையை மடித்து என் கையில் கொடுத்தார்.

“நான் வாங்கிக் குடுக்கிறேன் தம்பி,” என்றார். “என்னைப் பார்த்துத்தான் இப்ப ஒருத்தனும் பயப்படுறதில்லையே.”